மேசைக்கு அடியில் ஒருவன்

"இன்னும் மேலே... ஒரு முடி அளவு... ஐயோ, முடின்னு சொன்னேன், முழம்னு இல்லே!"

மேசையின் துளையருகே இரும்பு அளவுகோலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறாள் ஹின்கே. மேசைக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் வீப்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை மேலே தள்ளுகிறான்.

"பூட்டு!"

"பூட்டியாச்சு மகாராணி. உயிரோட வெளியே வரலாமா?"

"வா, வா. பிளக் என் பையிலேதான் இருக்கு. உன் விரல் உன்கிட்டேயே இருக்கட்டும்."

நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவில் சனிக்கிழமைகள் இப்படித்தான் விடிகின்றன. மற்ற நாட்களில் ஹின்கே மீன்கடையில் ஹெர்ரிங் மீனுக்குக் குடல் எடுப்பவள். சனிக்கிழமை தன் கொட்டகையில் புகைப்படச் சட்டங்கள் செய்வாள். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் குழந்தை, யார் கண்ணை மூடினார்கள் என்று அந்தச் சட்டங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உப்பு அதிமதுர மிட்டாய் ஒன்று எப்போதும் அவள் கன்னத்தில் உப்பியிருக்கும். கூந்தல் மீன்கடைத் தொப்பிக்குள். கட்டையை வலமிருந்து இடமாகத்தான் தள்ளுவாள். யாராவது இடப்பக்கமிருந்து தள்ளப் போனால், "விடு, விடு! கட்டை பறந்து போய்க் கடல்ல விழும்!" என்று பாய்வாள். இழைத்து முடிந்ததும் விளிம்பைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். "கையெல்லாம் மீன் முள்ளு குத்திக் குத்தி மரத்துப் போச்சு. கன்னம்தான் இன்னும் உயிரோட இருக்கு."

அவளுடைய ரூட்டர், கையில் பிடித்து மரத்தின் மேல் அழுத்தி விளிம்பைச் செதுக்கும் மிஷின். கையைத் தளர்த்தினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்குகள் அதை மேலே தூக்கிவிடும். ஹின்கே அதைத் தலைகீழாக மேசைக்கு அடியில் பொருத்தியிருக்கிறாள். வெட்டும் முனை மட்டும் துளை வழியே எட்டிப் பார்க்கும். தலைகீழானதும் ஸ்பிரிங்குகளின் குணமும் தலைகீழாகிவிட்டது. மிஷினைக் கீழேயே தள்ளிக்கொண்டிருக்கும். முனையைச் சற்று உயர்த்த வேண்டுமென்றாலும் ஒருவர் அடியிலிருந்து முட்டுக்கொடுக்க, இன்னொருவர் மேலே அளவு பார்க்க வேண்டும்.

வீப்ரன் அவள் கணவன் அல்ல. ஒரு காலத்தில் கணவனாக இருந்தவன். சண்டை போட்டுச் சலித்துப் பிரிந்தபோது மிஷின் அவளுக்கு, படகு அவனுக்கு என்று தீர்ந்தது. அவன் படகிலேயே குடியேறினான். சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் போன் செய்தாள். "மேலே ஏற மாட்டேங்குது. வா." அவன் வந்தான். அன்று முதல் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு காப்பி, ஒரு துண்டு சர்க்கரை ரொட்டி. பிறகு அவன் போய்விடுவான்.

"பேசாம சேர்ந்துடுங்களேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் ஒருமுறை வாயை விட்டேன்.

"அவனோடவா? மேசைக்கு அடியிலே கிடக்கிற வரைக்கும்தான் அவன் நல்லவன்!"

போன மாதம் அவள் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. நாங்களும் கூடியிருந்தோம். அவள் மருமகன் யோரித் கேக்குத் தட்டோடு கொட்டகைக்குள் வந்தவன், வீப்ரன் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"ஸ்பிரிங்கைக் கழட்டிட்டா தீர்ந்தது. இதுக்குப் போய் ஒரு ஆளா?"

மிஷினை இறக்கித் திருகைத் தளர்த்தினான். ஒரு ஸ்பிரிங் துள்ளிப் பறந்து என் கேக்கின் மேல் விழுந்தது. மிஷினை மறுபடி மாட்டி, "ஹின்கே, இப்போ ஒரே கையால தூக்குங்க பார்ப்போம்" என்றான்.

தூக்கினாள். சமர்த்தாக ஏறியது. எல்லோரும் கைதட்டினோம். வீப்ரன் மட்டும் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டினான். இல்லாத தூளையும் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லதாப் போச்சு. என் முதுகு தப்பிச்சுது" என்றான். காப்பிக்கு நிற்காமல் கிளம்பினான். இத்தனை காலமும் அவனை அழைக்க ஹின்கேயிடம் இருந்தது 'மேலே ஏற மாட்டேங்குது' என்ற அந்த ஒரே வாக்கியம்தானே! அதையும் மருமகன் கழற்றிப் போட்டுவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை வீப்ரன் வரவில்லை. கொட்டகையில் மிஷின் ஓடியது. கத்தல் இல்லை, ஏச்சு இல்லை. நான்கு சட்டங்களுக்கான கட்டைகளை எந்தக் குறையுமின்றி இழைத்தாள். பிறகு மிஷின் நின்றது. கதவைக்கூடப் பூட்டாமல், தூள் படிந்த ஏப்ரனோடு விறுவிறுவென்று துறைமுகம் பக்கம் நடந்தாள். ரொட்டி வாங்குகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

நீர் வற்றியிருந்ததால் படகு கரைக்குக் கீழே தாழ்ந்து கிடந்தது. அவள் குனிந்து அதன் கூரையைத் தட்டினாள். வீப்ரன் தலையை நீட்டினான். நான்கு நாள் தாடி.

"என்ன, மேலே ஏறலையா?"

"ஏறுது. நல்லாவே ஏறுது."

"அளவு தப்புதோ?"

"இல்லே. சரியா இருக்கு."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

ஹின்கே ஈரக் கல்லில் முழங்காலிட்டு, அவனை மேலே ஏற்றிவிடத் தன் கையைக் கீழே நீட்டினாள்.