பன்னிரண்டு இடது கால்கள்

சோபனா அக்கா என் பெரியம்மா மகள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் தையல் பிரிவில் இருந்தவர். அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கி, இப்போது மாதனூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் காலணித் துறை ஆசிரியை. பாஸ்போர்ட் கிடையாது. நான் மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது எல்லோரும் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். அக்கா மட்டும், "அங்கெல்லாம் ஜனங்க கால்ல இன்னா போட்றாங்க?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான், பாடத்திட்டத்தில் சர்வதேசப் பார்வை வேண்டும் என்று கல்லூரிக்குச் சுற்றறிக்கை வந்தது. துறைத்தலைவர் ஜெயப்பிரகாஷ் கவலைப்படவில்லை. கடைசியான ஐந்தாம் யூனிட்டில் மூன்று பக்கம் சேர்த்தால் முடிந்தது என்றார்.

"அஞ்சாவது யூனிட்ட என்னைக்கு சார் நடத்தி முடிச்சிருக்கோம்?" என்றார் அக்கா. "இந்தப் பசங்களோட அம்மாங்க தைக்கிற ஷூ எங்கெங்கயோ நடக்குது. போட்டுக்கறது யாருன்னு பசங்களுக்குத் தெரியாது."

போர்ச்சுகலில் நான் தங்கிய வீட்டுக்காரி இனேஸ், ஒரு காலணிக் கல்லூரியில் ஆசிரியை. அவளுக்கும் அக்காவுக்கும் நான் வீடியோவில் அறிமுகம் செய்துவைத்தேன். இரண்டு பேருமாகத் திட்டம் போட்டார்கள். இரண்டு வகுப்பு மாணவர்களும் ஆளுக்கொரு சாம்பிள் ஷூ தைத்து அனுப்ப வேண்டும். அந்த வகுப்பு தைத்ததை இந்த வகுப்பு பத்து நாள் போட்டு நடந்து, குறை நிறை எழுத வேண்டும்.

"ஒரு செமஸ்டர் நடத்திக் காட்டுங்க மேடம்," என்றார் ஜெயப்பிரகாஷ். "பாடத்திட்டக் குழு ஒத்துக்கிட்டா முதல் யூனிட்டாவே வெச்சிக்கலாம். சொதப்பிச்சின்னா என்னோட மூணு பக்கம்தான்."

இங்கிருந்து பன்னிரண்டு பேரின் பார்சல்களும் முதலில் போய்ச் சேர்ந்தன; அங்கே இன்னும் தைக்கவே தொடங்கவில்லை. அடுத்த வீடியோ வகுப்பில் இனேஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இன்னொரு பெட்டி எப்போது வரும்? வந்த பன்னிரண்டும் இடது கால்.

 காஷிஃப் என்ற மாணவன்தான் முதலில் கேட்டான். "மேடம், சாம்பிள்னா ஒரு கால்தானே அனுப்புவாங்க?"

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அதுதான் பழக்கம். வாங்குபவர் பார்த்துச் சரி சொல்ல ஒரு கால் போதும். வகுப்பில் பாதிப் பேர் அந்த ஒற்றைக் கால்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

"நானே ரெண்டு தடவ செக் பண்ணேன்டா," என்று தலையில் கை வைத்தார் அக்கா. "லெஃப்ட்டு ஒவ்வொண்ணும் அவ்ளோ நல்லா இருந்திச்சு."

விஷயம் ஜெயப்பிரகாஷ் காதுக்குப் போனது. "நொண்டி அடிச்சிட்டு குறை எழுதச் சொல்லுங்க," என்று சிரித்தார்.

வலது கால்களைத் தைத்து அனுப்ப நேரமில்லை. அக்கா ஒரு மதியம் முழுக்க அளவுத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இனேஸ்கிட்ட சொல்லு. அவங்க அனுப்பற ஷூவுக்குப் பதிலா, லெஃப்ட்டப் பார்த்து ரைட்ட அவங்களே தைக்கட்டும். சந்தேகம் வந்தா எங்க பசங்களக் கேக்கட்டும்."

சந்தேகங்கள் கொட்டின. வீடியோவில் மொழிபெயர்க்க நானும் உட்கார்ந்தேன். அவர்கள் சென்டிமீட்டருக்கு எத்தனை தையல் என்று கேட்டார்கள். இங்கே எல்லோருக்கும் அங்குலக் கணக்கு. ஓரத்தை மடிக்குமுன் தோலை எவ்வளவு சீவினீர்கள் என்று கேட்டார்கள். வகுப்பில் வாயே திறக்காத தில்ஷாத், கம்பெனியில் வேலை செய்யும் தன் அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டாள். "அம்மி, ஜாஸ்தி சீவினா பிஞ்சிடுமா, கம்மியா சீவினா இன்னா ஆவும்?" பதிலை அவளே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு தடவை இனேஸின் மாணவன் தான் சீவியதைக் கேமராவில் காட்டினான். "இது ரொட்டி மாதிரி தடியா இருக்கு," என்றாள் தில்ஷாத். அதையும் நான் மொழிபெயர்த்தேன்.

செமஸ்டர் கடைசியில் குழு கூடியது. ஒரு ஜோடி மட்டும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. இடது மாதனூர், வலது போர்ச்சுகல். வேலூரிலிருந்து நிபுணராக வந்திருந்த பேராசிரியை விஜயகுமாரி, செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு அறையை இரண்டு சுற்று நடந்தார். அக்கா அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரைட்டு கொஞ்சம் பிடிக்குதும்மா."

"அது அவங்க தச்சது மேடம்," என்றார் அக்கா சட்டென்று.

ஜெயப்பிரகாஷ்தான் முதலில் சிரித்தார். "ஏன் பிடிக்குது?" என்று கேட்டார் விஜயகுமாரி. அக்கா, வெளியே நின்ற தில்ஷாத்தை உள்ளே கூப்பிட்டார். அவள் வலது ஷூவின் தடித்த ஓரத்தைக் காட்டிக் கால் மணி நேரம் விளக்கினாள்.

பாடம் முதல் யூனிட்டாகச் சேர்ந்தது. முதல் பயிற்சி: ஒரு கால் மட்டும் தைத்து அனுப்புக. இந்த வருடம் போர்ச்சுகல்காரர்கள் இடது அனுப்புகிறார்கள்; வலது இங்கே தைக்க வேண்டும். "பிடிக்குதுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது," என்று வகுப்பை மிரட்டிக்கொண்டிருக்கிறார் அக்கா.