செருப்பைக் கழற்றாமல் திரும்பிய ரஹ்மத்துல்லா

செங்கல்பட்டு கடைத்தெருவில் கயிறு விற்றுவந்த ரஹ்மத்துல்லா பாய், 1954-ல் நான்கு மாதமாகப் பள்ளிவாசலுக்குள் நுழையவில்லை. வெள்ளிக்கிழமை வாசல்வரை போவார். செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுவார். ஒன்றுக்குப் போய்க் கழுவி எழுந்த பிறகும் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்தாலும் அந்தச் சுத்தம் முறிந்துவிடும். இந்த உடம்போடு அல்லாஹ்வின் முன் எப்படி நிற்பது? யாரிடமும் கேட்க நாக்கு எழவில்லை. தண்ணீர் குடித்தால்தானே இந்தத் தொல்லை என்று குடிப்பதையே குறைத்துக்கொண்டார். எரிச்சலும் காய்ச்சலும்தான் கூடின.

மனைவி பதருன்னிசா கூஜாவைப் பார்த்தே கண்டுகொண்டாள். காலையில் நிரப்பியது மாலையிலும் அப்படியே இருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பிறகு ஒன்றுக்குப் போய் அளக்கக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கொடுத்தார். காயம் கட்டும் ஞானதாஸ் மறைப்புக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றார். நூலாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அரைக் குடுவைக்கு ஆறு நிமிடம்.

"சிறுநீர்ப் பாதை சுருங்கியிருக்கு," என்ற டாக்டர் சீட்டை எடுத்தார். "எதனாலன்னு எழுதணும். வயசுல கெட்ட பொம்பளை சகவாசம் ஏதாவது உண்டா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரின் பேனா சீட்டைத் தொட்டது.

"அப்படி எழுதிடாதீங்க ஐயா," என்று கதவோரத்திலிருந்து பதருன்னிசாவின் குரல் வந்தது. "ரெண்டு வருசம் முந்தி மாமல்லபுரத்து மீன்காரங்களுக்குக் கயிறு ஏத்திகினு போனாரு. வண்டில ஏறக்கொள்ள வழுக்கி, முன்னால நீட்டிக்கினு இருக்குற ஏர்க்கால் மரத்து மேல ரெண்டு பக்கமும் கால் போட்டு வுழுந்துட்டாராம். வண்டிக்காரர் சொன்னாரு. கைலியெல்லாம் ரெத்தம்."

பாய் நிமிர்ந்தார். "அத நான் மறைச்சில்ல வெச்சேன்?"

"மறைச்சது நீங்க. தொவைச்சது யாரு?"

ஞானதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கவட்டில் அடிபட்டதால் என்று டாக்டர் எழுதினார்.

பிறகு வாரம் ஒருமுறை, கொதிக்கவைத்த வளைந்த உலோகக் கம்பியை மெல்ல உள்ளே செலுத்திப் பாதையை விரித்தார்கள். முதலில் மெல்லியது, போகப் போகத் தடித்தது. பாயின் கையை ஞானதாஸ் விடவே மாட்டார்.

"நீங்க ஓதிக்கினே இருங்க பாய். நான் என் பங்குக்கு ஜெபம் பண்றேன். யாராவது ஒருத்தர் கேக்காமலா பூடுவாங்க?"

ஒவ்வொரு முறையும் கம்பியின் பருமனும் அரைக் குடுவைக்கு ஆன நிமிடமும் சீட்டில் ஏறின. ஆறு நிமிடம் நான்கானது. எட்டாவது வாரம் ஒரு நிமிடத்துக்கும் குறைந்தது.

"தண்ணியக் குறைக்காதீங்க. மாசம் ஒரு தரம் வரணும், விட்டா திரும்பவும் சுருங்கும்," என்றார் டாக்டர்.

அந்த வெள்ளிக்கிழமை பதருன்னிசா ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். பாய் தயங்கினார்.

"குடிங்க. நேரம் கீது."

குடித்தார். பள்ளிவாசலில் ஒன்றுக்குப் போய்க் கழுவி, சற்றுக் காத்திருந்து பார்த்தார். துணி காய்ந்தே இருந்தது. ஒளு செய்துவிட்டுத் தொழும் இடத்து வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே யாரோ தோளை ஒதுக்கி இடம் விட்டார்கள்.

வீடு திரும்பியதும் பாய் தாமே காலிக் கூஜாவை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனார்.