நாசிக் திராட்சைத் தோட்டங்களுக்கு, தனி வண்டியில்

2007 பிப்ரவரியில் டில்லியில் எங்கள் மோதி பாக் குடியிருப்பிலிருந்து மூன்று குடும்பங்கள் நாசிக் ஒயின் தோட்டங்களைப் பார்க்கப் போக ஏற்பாடு செய்தன. எங்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். என் கணவர் சேகர் குடியை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

விஷயம் காதில் விழுந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நாமளும் போறோம்" என்றார்.

"வேற ஊரே இல்லையா?"

"ஊர் இருக்கு. ஒவ்வொண்ணா ஒதுங்கிட்டே போனா கடைசில வீட்டுக்குள்ளதான் உக்காரணும்."

இரண்டு நாள் சண்டை போட்டேன். பிறகு அவருடைய டாக்டரிடம் போனோம். போகாமல் இருப்பதே நல்லது என்றார் அவர். போயே தீருவதென்றால் ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூடத்தில் இவரைத் தனியாக இருக்க விடாதீர்கள், மனம் தடுமாறினால் அந்த நிமிடமே வெளியேறுங்கள் என்றார். என் திட்டம் முழுவதும் அதிலிருந்துதான் வந்தது. எல்லோரும் தோட்ட விடுதியில் தங்க, நாங்கள் ஊருக்குள் அறை எடுத்தோம். அவர்களுக்கு வேன், எங்களுக்குத் தனி இண்டிகா கார். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு ரூபாய். வீண் செலவு என்று பாலு சொன்னார். பாலு இவருடைய ஆபீஸ் நண்பர், பயணத்தை ஏற்பாடு செய்தவர்.

நிஜாமுதீனில் காலையில் ரயில் ஏறினால் மறுநாள் விடியலில் நாசிக் ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து ஊருக்குள் ஒன்பது கிலோமீட்டர். தோட்டங்கள் ஊரைத் தாண்டி அணைப் பக்கம் இருக்கின்றன, இன்னும் அரை மணி நேரம்.

பதினோரு மணிக்குச் சுவைக்கும் கூடத்தில் நின்றோம். நீளமான மேஜை, வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். விளக்கம் சொன்ன பெண் பேசிக்கொண்டே எல்லாவற்றிலும் ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் கை காட்டுவதற்குள் இவர் முன்னாலும் ஒன்று நிரம்பிவிட்டது. இவர் அதையே பார்த்தார்.

"வண்டி எங்க நிக்குது?" என்றார் மெதுவாக.

உடனே கிளம்பினோம். டிரைவர் அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்திருந்தார். "இத்னி ஜல்தி?" இவ்வளவு சீக்கிரமா என்றார்.

"ஹோ கயா, பையா." முடிந்துவிட்டது என்றேன்.

வண்டியில் உட்கார்ந்ததும் பார்த்தேன், இவர் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "ரூமுக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ தூரம் வந்துட்டுத் தோட்டத்தைப் பாக்காமலா? கொடியைக்கூட இன்னும் கிட்டப் போய்ப் பாக்கல."

டிரைவருக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் தோட்டம் ஆறு கிலோமீட்டரில் இருந்தது. அறுவடை நடந்துகொண்டிருந்தது. கேட்டதும் ஒரு பெண் கொத்து ஒன்றை நறுக்கி இவர் கையில் கொடுத்தாள். ஒயின் திராட்சை நாம் கடையில் வாங்குவது போல் இல்லை. சின்னது, கறுப்பு, தடித்த தோல், நிறைய விதை, ஆனால் அப்படியொரு இனிப்பு. வெயிலில் நின்றபடியே முழுக் கொத்தையும் தின்றார். விதைகளைத் துப்பிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

சாயங்காலம் பாலு எங்கள் அறைக்கு வந்தார். "உன் நல்லதுக்குத்தான்டா கூப்பிடல" என்றார்.

"இனிமே கூப்பிடு. வரதா வேணாமாங்கறதை நான் பாத்துக்கறேன்."

பாலு தலையாட்டினார். இரவு மூன்று குடும்பத்தினரும் எங்களோடு வந்து, மது இல்லாமல், சைவச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக் காலம். காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு வேண்டாம். எங்களைப் போன்ற வீடு என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். போகாதே என்று அவர் உறுதியாகச் சொன்னால் போகாதீர்கள். போனால், நினைத்த நேரத்தில் திரும்ப உங்களுக்கென்று ஒரு வண்டி வேண்டும். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

திரும்பும் ரயிலில் ஏறிப் படுத்தவர் போபால் வரை அசையவில்லை. நானும் நன்றாகத் தூங்கினேன்.