பேர் மறைத்து அனுப்பிய சோயா மாத்திரை

இந்த நாட்டில் உடன்பிறந்தவளுக்கும் தாதிக்கும் கன்னியாஸ்திரிக்கும் ஒரே சொல்தான்: ஷ்வெஸ்டர். காலையில், கன்னியாஸ்திரி மடம் ஒன்று நடத்தும் முதியோர் இல்லத்துக்குள் தாதியாக நான் நுழைந்தால், பல்செட் மாட்டாத வாய்களெல்லாம் "ஷ்வெஸ்டர் மேரி, ஷ்வெஸ்டர் மேரி" என்று கூப்பிடும். எழுபத்து நாலில் ஜேர்மனிக்கு வந்த புதிதில் அது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரே நாளில் இத்தனை வெள்ளைக்கார அண்ணன்மாரும் அக்காமாரும் எங்கிருந்து வந்தார்கள் என்று நினைப்பேன். பிறகு பழகிவிட்டது. பழகின சொல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த ஒரு சொல்லால் என் வீட்டில் நடந்ததை, ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் இங்கிருந்து பார்சல் கட்டி அனுப்புகிறவர்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் கூடப்பிறந்த அக்கா பிலோமினா. ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே மேலே ஏறினால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். அக்கா கொழுந்து பறித்தாள். அவளுடைய புருஷன் சவரிமுத்து அத்தானுக்குத் தேயிலை ஃபெக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. எண்பதாம் ஆண்டு கடைசியில் அக்காவுக்கு வயிறு வீங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயு என்று சொல்லி வெள்ளை மருந்து கொடுத்தார்கள். பாவாடை நாடா கட்ட முடியாமல் போன பிறகுதான் கொழும்புப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சூலகத்தில், அதாவது முட்டைப்பையில், புற்று. ஒப்பரேஷன் முடிந்தது, இனி மாதம் ஒரு தடவை ஊசி, ஆறு தடவை போட வேண்டும் என்று அத்தான் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் நின்று படித்தேன். இங்கே எத்தனையோ முதியவர்களுக்கு நான் தலையணை சரிசெய்து கொடுக்கிறேன். அக்காவுக்கு ஒரு வாந்திச் சட்டி பிடிக்க முடியவில்லை.

ஏதாவது அனுப்ப வேண்டும் என்ற தவிப்பில் ரெஃபோர்ம்ஹவுஸ் என்கிற கடைக்குப் போனேன். தானியம், மூலிகை, சத்து மாத்திரை எல்லாம் விற்கும் கடை அது. "என் ஷ்வெஸ்டருக்கு வயிற்றில் ஒப்பரேஷன். மிகவும் பலவீனமாக இருக்கிறாள்" என்றேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், அந்தப் பழக்கம் என்னோடு இங்கும் வந்திருந்தது. கடைக்காரப் பெண்மணி பரிவோடு தலையாட்டி, சோயாவிலிருந்து செய்த மாத்திரைப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தாள். "பெண்களுக்கு மிகவும் நல்லது" என்றாள். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் சோயா என்ற பெயரோடு அதை எங்கள் லயத்துக்கு அனுப்ப முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில், நான் புறப்படுமுன், அரிசி கிடைக்காத காலத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வெளிநாட்டு உதவியாக மாவு வந்தது. சோளமும் சோயாவும் கலந்த மாவு. கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் குடித்தார்கள். அதற்குள், அந்த மாவில் பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற மருந்து கலந்திருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. தாய்மார் கூழை வாசலிலேயே கொட்டினார்கள். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பிரசவத்துக்குப் போன பெண்களுக்குச் சொல்லாமலே பிள்ளைப்பேற்றை நிறுத்திவிட்டார்கள் என்று அந்த நாட்களில் மலைக்கு மலை பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு முழுப் பொய் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். வாக்குச்சீட்டும் இல்லாமல், இலங்கைக்காரர் என்ற கடதாசியும் இல்லாமல் இருந்தவர்களுக்குச் சந்தேகம் ஒன்றுதான் காவல். அதனால் நான் போத்தலின் லேபலை வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். "சத்து மாத்திரை. ஊசியோடு இதையும் சாப்பிடு" என்று தமிழில் எழுதி ஒட்டினேன்.

அத்தானின் பதில்கள் ஒழுங்காக வந்தன. மாத்திரை நன்றாகப் பிடிக்கிறது, வாந்தி நின்றுவிட்டது, கஞ்சி குடிக்கிறாள், இன்னும் இரண்டு போத்தல் அனுப்பவும். ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தரம் படித்தேன். ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கு வாந்தி எப்படி நிற்கும்? இத்தனை வருஷம் நோயாளிகளோடு புழங்கியவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? அடுத்த கோடையில் விடுப்பு எடுத்து, பெட்டியில் புதிதாக இரண்டு போத்தல்களோடு புறப்பட்டேன்.

லயத்து வாசலில் அக்கா நின்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் சிரித்தாள். தலையில் விரல்கடை நீளத்துக்குக் கறுப்பு முடி. பக்கத்து வீட்டுப் பெண்கள், "பாருங்க, ஒங்க மாத்திரை என்னமா வேல செய்யுது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஊசி போடுகிறவர்களுக்கு முடி வளராது.

"ஊசிக்குக் கடைசியா எப்பக்கா போன?" என்று கேட்டேன்.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தார்.

"ரெண்டோட நிப்பாட்டிட்டேன்" என்றாள் அக்கா. "கட்டிய எடுக்குறோம்னு சொல்லிப்புட்டு பிள்ளைப்பையையும் எடுத்துட்டாங்க. சிங்களத்துல ஒரு கடதாசிய நீட்டி கைநாட்டு வாங்குனாங்க. அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு எனக்கென்னா தெரியும்? பக்கத்துக் கட்டில்காரி சொன்னா, இதெல்லாம் தோட்டத்துச் சனத்தக் கொறைக்கிற வேலைன்னு. அந்த ஊசியில என்னா இருக்குன்னு யாரு கண்டா? ஒன் மாத்திரை அப்புடியில்ல. அது நீ அனுப்புனது."

அன்றைக்குப் புதுப் போத்தல்களைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். மறுநாள் ஞாயிறு, கோயிலுக்குப் போய் வந்தோம். அப்போதும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை மலைக்கு எல்லோரும் போன பிறகு, பெட்டியிலிருந்த புதுப் போத்தல் ஒன்றை லேபலோடு எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன்.

"அக்கா, இது புத்துநோய்க்கு மருந்தில்ல. சோயா. பிள்ளைக்காம்பராவுல குடுத்தாங்களே, அந்த மாவுல இருந்தது."

வெகு நேரம் அவள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் எதைத் தேடினாளோ.

"அவுங்க மறைச்சுக் குடுத்தாங்கன்னு ஏசுனோம். நீயும் பேர மறைச்சுல்ல குடுத்திருக்க?"

"பேரச் சொன்னா நீ சாப்புட மாட்டேன்னுதான்..."

"அவுங்களும் அதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: "ஊசிக்கு வாறேன். ஆனா இனிமே என் ஒடம்புக்குள்ள போற எதையும் நீ வாசிச்சுக் காட்டணும். வாசிக்காம ஒண்ணும் உள்ள போகாது."

ஹட்டனிலிருந்து ரயிலில் போனோம். வார்டில் இருந்தவர் இளம் சிங்கள டொக்டர் அம்மா. எங்களைப் பார்த்ததும் அவர் முகத்திலும் சந்தேகம்தான். இரண்டாவது ஊசிக்குப் பிறகு வேறெங்காவது போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டார். என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. அவசரத்தில் இல்லை என்பதற்கு ஜேர்மன் மொழியில் "நைன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை ஆங்கிலத்தில் ஒன்பது என்று எடுத்துக்கொண்டார். "ஒன்பதா? யார் போட்டது?" என்று எழுந்தே விட்டார். நான் தலையை ஆட்டி, விரலை மடக்கி, சிங்களம் பாதி ஆங்கிலம் பாதியாக விளக்கி முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அறையில் மூன்று பேரும் ஒரே தீவில் பிறந்தவர்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.

"பிள்ளைப்பைய எதுக்கு எடுத்தாங்கன்னு கேளு" என்றாள் அக்கா. கேட்டேன். டொக்டர் ஒரு தாளில் படம் வரைந்தார். இரண்டு சூலகங்களிலும் நோய் இருந்தது, கருப்பையிலும் ஒட்டியிருந்தது, விட்டுவைத்தால் பரவும் என்று கோடு போட்டுக் காட்டினார். அதை அன்றைக்கே அக்காவுக்குத் தமிழில் யாராவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது ஆஸ்பத்திரியின் பிழை என்றார்.

நான் போத்தலை நீட்டினேன். லேபலில் உள்ளதை எல்லாம் வாசிக்கச் சொன்னார். அப்போதுதான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தேன். உணவுச் சேர்க்கை, மருந்து அல்ல என்று போட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். உரித்து எறிந்தேனே தவிர, ஒரு தடவையும் வாசிக்கவில்லை.

"இந்தப் பயற்றில் பெண் ஹோர்மோனைப் போல ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்" என்றார் டொக்டர். "அது இவருக்கு உதவுமா, கெடுக்குமா, எனக்குத் தெரியாது. தெரியாததை ஊசி போடும் காலத்தில் மாத்திரையாகக் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டில் கொஞ்சம் சேர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊசிக்குப் பதிலாக எதுவும் வேண்டாம்."

நான் தமிழில் சொன்னேன். அக்கா டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாதுன்னு சொல்ற டொக்டர இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். மருந்துக் குப்பியில் இருந்த பெயரை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். ஊசி ஏறியது. திரும்பி வரும்போது ரயிலில் என் மடியில் வாந்தி எடுத்தாள்.

விடுப்பு முடிந்து திரும்பியதும் அந்தக் கடைக்குத்தான் போனேன். கோபத்தோடுதான் போனேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்த என் அக்காவுக்குப் புற்றுநோய், நீ கொடுத்ததை நம்பி ஊசியை விட்டுவிட்டாள் என்றேன். அவள் வெளுத்துப் போனாள். "உங்கள் அக்காவா? மடத்தில் உங்களோடு வேலை செய்யும் ஏதோ ஒரு கன்னியாஸ்திரி, சின்ன ஒப்பரேஷனுக்குப் பிறகு வந்த களைப்பு என்றல்லவா நினைத்தேன்!" என்றாள். நான் ஷ்வெஸ்டர் என்றேன், அவளுக்கு வேறு ஷ்வெஸ்டர் விளங்கியது. நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவளே கையைப் பிடித்துத் தடுத்திருப்பாள். திட்டுவதற்கு ஆள் தேடிப் போனவள், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

அக்கா ஆறு ஊசியையும் முடித்தாள். மலைக்குப் போகவில்லை, பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுத்தார்கள். ஐந்து வருஷம் நன்றாக இருந்தாள். எண்பத்தாறில் நோய் திரும்பியது. தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது குழிமேட்டில் மண் ஈரமாக இருந்தது. தவறிப்போன அந்த மாதங்கள்தான் அவளைக் கொண்டுபோனதா, மாத்திரை ஏதும் செய்ததா, எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்குமா, எந்த டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருப்பேனா தெரியாது. பார்சல் கட்டுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்ன அனுப்புகிறீர்கள் என்று பெயர் சொல்லி அனுப்புங்கள்.

அக்காவுக்கு வந்தது எனக்கும் வரலாம் என்று இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை என்னையும் படுக்கவைத்துப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு என்ன நோய் என்று இந்த ஊர் டொக்டர் கேட்டார். வயிறு வீங்கி இறந்தாள், பெயர் யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் அதை ஜேர்மன் மொழியில் எழுதிக்கொண்டார். அடிவயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை அழுத்துகிறார். "வலிக்கிறதா?" என்ற கேள்விக்குப் பிழையில்லாத ஜேர்மன் மொழியில் பதில் சொல்கிறேன். என்னை அறியாமல் வாயிலிருந்து வருவது என்னவோ "அம்மாடி"தான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்புகிறார். நானும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கடவுச்சீட்டில் இந்த நாட்டுக்காரியாகிவிட்ட என் வயிற்றுக்குள், ஹட்டனுக்கு மேலே மார்கழியில் இறங்கும் மூடுபனியைப்போல் ஏதோ சாம்பல் நிறத்தில் அசைகிறது. அதில் அவர் நோயைத் தேடுகிறார். நான் அக்காவைத் தேடுகிறேன்.