அக்காவின் சிவப்பு மூடி டின்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை எழுதத் தொடங்கும் முன், நான் உங்கள் எல்லோரிடமும் சொன்ன ஒரு பொய்யைத் திருத்திவிட வேண்டும்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அக்கா வராதபோதெல்லாம் "ஒற்றைத் தலைவலி" என்று காரணம் சொன்னேன். பல வருடம் அதையே சொன்னேன். சிலர் பாவம், தைலம்கூட வாங்கிக் கொடுத்தனுப்பினீர்கள். அக்காவுக்குத் தலைவலி இல்லை. அவருக்கு மனச்சோர்வும், திடீரென்று வந்து ஆளை உலுக்கும் பதற்றமும் இருந்தன. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் மருந்து சாப்பிட்டார். அவர் இறந்தது சிறுநீரக நோயால். இறுதிச் சடங்கன்று என்னை ஓரமாக அழைத்து, "வேற ஏதாவது காரணமா?" என்று இழுத்தவர்களுக்கும் இதுதான் பதில்.

மறைக்காமல் எழுதச் சொன்னவரே அக்காதான். "நான் போனப்புறம் நீ நினைவு நாளுக்குப் புக்கு போடுவே. அதுலயும் தலைவலின்னு எழுதினே, எந்திரிச்சு வந்து உதைப்பேன்" என்றார். அக்கா சொன்னால் செய்வார். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சாலாக் செலாத்தானில். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. எனக்கு ஆறு வயது இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அப்போது அக்காவுக்குப் பதினைந்து வயது, படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு ஊட்டியதும், பள்ளிக்குத் தயார் செய்ததும், என் பொய்களைக் கண்டுபிடித்ததும் அக்காதான். படிப்பை முடித்துக் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தார். ரூலர் இல்லாமல் ஒரு கோடுகூடப் போடமாட்டார். அவருடைய மேசையில் காகிதம் காணாமல் போனதாக ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குச் செய்து வைத்தார்.

அவருக்கு நோய் தொடங்கிய காலத்தில் எனக்குத்தான் முதலில் போன் செய்வார். நான் லோரி ஓட்டிக்கொண்டிருப்பேன். ஏற்கெனவே எனக்கு முன்கோபம். "வேலை இல்லாம உக்காந்தா இப்படித்தான் கண்டதும் தோணும். கோயிலுக்குப் போயிட்டு வாக்கா, எல்லாம் சரியாப் போயிடும் லா" என்பேன். இரண்டு மூன்று முறை அப்படிச் சொன்ன பிறகு போன் வருவது நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு மடத்தனம்.

உண்மையில் அந்த நாள்களில்தான், வாழவே பிடிக்கவில்லை என்று அக்கா டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் மருந்தோடு ஒரு யோசனையும் தந்தார். மனம் நன்றாக இருக்கும் நாளில், அது கெட்டுப்போகும் நாளுக்கு வேண்டிய பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். அன்றைக்குத் தேடவோ யோசிக்கவோ தெம்பு இருக்காது என்றாராம். அக்கா சிவப்பு மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து அப்படியே செய்து கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளே ஊசி நூல் இருக்கும் என்று நான் நினைத்தேன். கேட்டதில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். ஆண்டு முழுவதும் சேர்த்த பிஸ்கட் டின்களில் அக்கா முறுக்கு நிரப்பிக் கொடுப்பார், நான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் அவருடைய அறைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்ததால், அந்த டின்னும் சமையலறை மேசைக்கு வந்திருந்தது. காலையில் அக்கா வீட்டுக்குப் போய் அவசரமாக எல்லாவற்றையும் காரில் ஏற்றினேன். ஒன்று மட்டும் லேசாக இருந்தது. சரி, முறுக்கு குறைவுபோல, பிரிக்பீல்ட்ஸ் மாமாவுக்கு இது போதும், அவருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று புத்திசாலித்தனமாக அதை அவருக்கு ஒதுக்கினேன். மாமா என்பவர் அப்பாவோடு வேலை செய்த நண்பர்.

மதியம் திரும்பியபோது அக்கா சமையலறையில் நின்று, மிச்சமிருந்த டின்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். தரையெல்லாம் முறுக்கு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"என் டின் எங்கடா?"

"எந்த டின்?"

"ரூம்ல இருந்தது. யாருக்குடா கொடுத்தே?"

லேசாக இருந்த டின் நினைவுக்கு வந்து மாமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அக்காவைத் தனியே விடப் பயமாக இருந்தது. காரில் உட்கார வைத்துக் கிளம்பினேன். அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்கு. பெருநாளுக்கு முந்தின நாள் பெடரல் ஹைவே எப்படி இருக்கும் என்று தெரிந்தும் அப்படிக் கணக்குப் போட்டேன்.

பாதி வழியில் வண்டிகள் நின்றுவிட்டன. அக்கா கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியல, இறங்கறேன்" என்றார். இரண்டு பக்கமும் லோரி. நான் கதவைப் பூட்டினேன். "கொஞ்சம் சும்மா இருக்கா!" என்று கத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அக்கா என் கையை விட்டுப் போய்விடுவாரோ என்று வாழ்க்கையில் முதன்முறையாகப் பயந்தேன்.

வேறு வழி தெரியாமல் கேட்டேன்: "அந்த டின்ல என்னக்கா இருக்கு? ஒன்னொன்னாச் சொல்லு."

"அட்டை. அதுல எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"முதல்ல கதவைத் திறன்னு."

கதவைத் திறக்க முடியாது. நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். புகையும் வெயிலும் உள்ளே வந்தன. பரவாயில்லை என்றார்.

"அப்புறம்?"

"ஈரத் துணி. கழுத்துல."

என் வியர்வைத் துண்டைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிடரியில் போட்டேன். நாற்றம் அடித்திருக்கும்.

"அஸாம் பொய்." உப்பும் புளிப்புமான அந்தப் பழவற்றல் என்னிடம் இல்லை. முன்பெட்டியைக் குடைந்ததில் என் மகளின் புளிப்பு மிட்டாய் ஒன்று கிடைத்தது. வாயில் போட்டுக்கொண்டார்.

"கண்ணுல படுற அஞ்சு பொருளைச் சத்தமாச் சொல்லணும்."

அவரால் சொல்ல வரவில்லை. நான் தொடங்கினேன். "சிவப்பு லோரி. டோல் போர்டு. அந்த மோட்டார்காரன் ஹெல்மெட்டு." அக்கா மெதுவாக, "வாழைமரம்... கட்டிட்டுப் போறான்" என்றார். பிறகு, "உன் தொப்பை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"அப்புறம் என்னக்கா?"

"இன்னிக்கு எந்த முடிவும் எடுக்காதேன்னு எழுதியிருக்கேன். அப்புறம் யாருக்காவது போன்."

என் போனில் அவருடைய அலுவலகத் தோழியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். தோழி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "லைன்லயே இருக்கேன், நீ பேச வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளிக்கும் சத்தம் கேட்டது. பங்சார் வரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தோம். அக்காவின் மூச்சு சீரானது. இவ்வளவுதானா, இதைச் செய்ய எனக்கு ஏன் தெரியவில்லை என்று வெட்கமாக இருந்தது.

மாமா வீட்டு மேசையில் டின் திறந்து கிடந்தது. "ரெண்டு அஸாம் பொய் தின்னுட்டேம்மா, மத்தது எதையும் தொடல" என்றார் மாமா. அட்டையைப் படித்திருப்பார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எதையும் கேட்காமல் தேநீர் கலக்க உள்ளே போய்விட்டார்.

அட்டையை நானும் படித்தேன். கடைசியில் போன் செய்ய வேண்டியவர்கள் பட்டியல். மருத்துவமனைத் தாதி, அலுவலகத் தோழி, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவான மக்சிக். அவர்களுக்கு மேலே, முதலாவதாக, "தம்பி" என்று எழுதியிருந்தது. அதன்மேல் ரூலர் வைத்து ஒரு நேர்க்கோடு போட்டு அடித்திருந்தார்.

"ஏன்க்கா?"

"நீ போன் எடுத்தா திட்டுவே. திட்டு வாங்க அன்னிக்கு எனக்குத் தெம்பு இருக்காதுடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அதற்குப் பிறகு அக்கா என் பெயரைத் திரும்ப எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பின்னர் சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. மருத்துவமனையில் சேர்த்த கடைசி மாதத்தில் ஒரு நாள், நான் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. பல வருடங்களுக்குப் பிறகு அவராகச் செய்த போன்.

"தம்பி, இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்கு. வரியா?"

"வரேன்க்கா. லைன்லயே இரு."

லோரியை அப்படியே நிறுத்திவிட்டு, உடன் வேலை செய்பவரின் காரில் ஓடினேன். போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அக்கா பேசவில்லை, நானும் பேசவில்லை. போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டார். அதற்குப் பதினொரு நாள் கழித்து அமைதியாகக் காலமானார்.

அக்காவைப் பராமரித்த டாக்டருக்கும் தாதியருக்கும், அலுவலகத் தோழிக்கும், இன்றுவரை யாரிடமும் வாய் திறக்காத மாமாவுக்கும், கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மக்சிக்குக்கும், தலைவலி என்று நம்பித் தைலம் அனுப்பிய உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு "தலைவலி" இருக்கலாம். எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். திட்டமாட்டேன்.

மருத்துவமனையிலிருந்து என்னைக் கூப்பிட்ட அன்று அந்தத் தோழியின் எண்ணும் அக்காவின் போனில் இருந்தது. அவர் நிச்சயம் எடுத்திருப்பார், நன்றாகவும் கவனித்திருப்பார். அது தெரிந்தும் என்னைக் கூப்பிட்டீர்களே அக்கா, அதற்கு நன்றி.

அன்புத் தம்பி,
கிள்ளான்