வலைமுடிச்சுப் போட்டு வைத்த கத்தி

நான் எளிதில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. மீன் வெட்டுகிற இடத்தில் அந்தக் குணம் எனக்கு உதவியாகத்தான் இருந்தது. புதுக்குடியிருப்புச் சந்தையில் ஒரு வியாபாரியின் மேசையில் மீன் வெட்டிக் கொடுப்பது என் வேலை. சனம் மீனை நிறுத்து வாங்கி என்னிடம் தரும். நான் செதில் எடுத்து, குடல் எடுத்து, சொன்ன அளவில் துண்டு போட்டுக் கொடுப்பேன். நல்ல துண்டை மாற்றிவிடுவேனோ, தலையை ஒளித்துவிடுவேனோ என்று அவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் வெட்டுவேன்.

என்னிடம் இரண்டு கத்திகள். மாங்குளத்தில் ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்வித்தவை, லொறியின் வில்லுத் தகட்டில் அடித்தவை. கடையில் விற்கிற வெள்ளைக் கத்தி கறள் பிடிக்காது, உண்மைதான். ஆனால் அறக்குளா மீனின் முள்ளில் நாலு தரம் போட்டால் அதன் வாய் மழுங்கிவிடும். என் கத்தியை விடிய ஒரு தரம் தீட்டினால் மத்தியானம் வரை நிற்கும். அதற்கு இருக்கிற ஒரே வருத்தம் கறள், இரும்பைத் தின்கிற துரு.

ஆகவே கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரித்தான் அவற்றைப் பார்த்தேன். வேலை முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவேன். வாளிக்குள் ஊறப் போடவே மாட்டேன். பிடியும் இரும்பும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருந்தே தின்னத் தொடங்கிவிடும் என்பதால், எங்கள் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுதிரித் துண்டை உருக்கி அந்த இடைவெளியில் விட்டிருந்தேன். துடைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, தேங்காய் எண்ணெய் பூசி, துணியில் இறுக்கிச் சுற்றி, மேசைக்குக் கீழே இருந்த மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பஸ்ஸில் பைக்குள் கத்தி இருந்தால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

மாரி மழை தொடங்குகிற நேரம் வியாபாரி இன்னொருத்தியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார். என்னைவிடப் பத்து வயது குறைந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய், வீடு ஒட்டுசுட்டான் பக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறினவர்கள். இவள் இங்கேயே பிறந்தவள். பேச்சும் எங்கள் பேச்சுத்தான், தாயோடு போனில் கதைக்கும்போது மட்டும் வேறு மாதிரி மாறும். அப்போது நான் காதைக் கூர்மையாக்கிக்கொள்வேன். கடலையே காணாத குடும்பத்தில் பிறந்தவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அவள் வெட்டினாள், நன்றாகவே வெட்டினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வயல் வேலை இல்லாத மாதங்களில் இந்த மேசையை நம்பித்தான் தன் வீட்டு அடுப்பு எரிகிறது என்று முதல் நாளே சொன்னாள். இரக்கம் தேடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டிப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்றை வியாபாரி அவளிடம் கொடுத்தார்.

தன் கத்தியை அவள் எதிலும் சுற்றுவதில்லை. கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியின் உட்பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வெறுமனே தொங்கவிடுவாள். தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை அவளுடைய அப்பா அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் அப்படித்தான் கொழுவி வைப்பாராம். விடாமல் மழை பெய்கிற இடத்தில் மூடி வைத்த இரும்புதான் முதலில் கெடும் என்பாராம். கேட்டுவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரையில் பிறந்த எனக்கு மலைக்காரி கறளைப் பற்றிச் சொல்லித் தருகிறாளே என்று.

அவள் வந்து இரண்டாம் கிழமை, ஒரு திங்கட்கிழமை காலையில் துணியைப் பிரித்தால் கத்தியின் முகம் முழுக்கக் கறள் புள்ளி. சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தேன். தேய்த்தும் விளைமீன் துண்டில் மண்நிறக் கோடு விழுந்தது. வாங்க வந்த அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். மிச்ச மீனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் அவளிடம் கொடுத்தார். அவளுடைய கத்தி பளபளத்தது.

அன்றைக்கே எனக்கு அவள்மேல் ஐமிச்சம் வந்துவிட்டது. நான் ஒரு மணி பஸ்ஸில் போய்விடுவேன். அவளுடைய பஸ் வர இன்னும் அரை மணித்தியாலம் ஆகும். திறப்பும் கையில் இருக்கிறது. கடைசி மீனை என் கத்தியால் வெட்டிவிட்டு, ஈரத்தோடு சுற்றி வைக்கிறாள். தன்னுடையதைத் தேயாமல் வைத்திருக்கிறாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவளைப் பிடிக்க வேண்டும் என்று என் எண்ணெய்ப் போத்தலில் ஆணியால் கீறி அடையாளம் வைத்தேன். எண்ணெய் குறையவில்லை. எண்ணெய் பூசாமல் வைக்கிறாள், அதுதான் குறையவில்லை என்று முடிவு செய்தேன். பிறகு துணிக்கு மேலே நூலால் வலைமுடிச்சுப் போட்டேன். வலை பொத்தத் தெரிந்த கை மட்டும் போடக்கூடிய முடிச்சு அது. அவிழ்த்தால் அவளால் திரும்பக் கட்ட முடியாது. அடுத்த நாள் பார்த்தேன். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. உள்ளே கறள். மூளை இருக்கிற யாரும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள். நானோ, என் கையைப் பார்த்துப் பார்த்து முடிச்சையும் பழகிவிட்டாள், பொல்லாதவள் என்று நினைத்தேன்.

வியாபாரியிடம் போனேன். அவள்மேல் குற்றம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. அதைவிட மோசமாகச் சொன்னேன்.

"அண்ணை, எனக்கு ஒருத்தரிலயும் பழி போட விருப்பமில்லை. ஆனா பெட்டிக்கு ரெண்டு திறப்புத்தான் இருக்கு."

அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். சனம் நிற்கிற நேரம், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். என்னைத்தான் பார்த்துச் சொன்னாள்.

"உங்கட கத்தியின்ர பிடியைக்கூட நான் தொட்டதில்லை அக்கா."

தொட்டதாக நான் சொன்னேனா என்று கேட்டேன். அவள் ஆணியில் இருந்த தன் கத்தியை எடுத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று வியாபாரி அவளுக்குப் பின்னால் சொன்னார். அது அவளுக்குக் கேட்டதோ தெரியாது. எனக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

சனிக்கிழமை கத்திகளை வழமைபோலச் சுற்றிப் பூட்டினேன். இரண்டு திறப்பும் என் பேர்சுக்குள் இருந்தன. ஞாயிறு பூசைக்குப் போனபோதும் பேர்ஸ் என்னோடுதான் வந்தது. திங்கள் காலை பெட்டியைத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, துணியைப் பிரித்தேன். கறள், முந்தினதைவிடக் கூட.

துணியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு.

முன்னர் நான் சுற்றி வந்தது பழைய படுக்கை விரிப்பின் துண்டு. அது நைந்துபோனதால், மாரி தொடங்குகிற கிழமை கணவரின் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து எடுத்திருந்தேன். அவர் கடலுக்குக் கட்டிக்கொண்டு போகிற சாரம். எங்கள் வீடுகளில் அதற்குச் சவர்க்காரம் போட்டு மினக்கெடுவதில்லை. நாளைக்கும் நனையத்தானே போகிறது என்று ஒரு வாளித் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுவோம். பல வருடக் கடல் அந்த நூலுக்குள் இருந்தது. மாரியின் ஈரக்காற்றுப் பட்டதும் உப்பு ஈரத்தை இழுத்து, நான் பூசின எண்ணெயையும் தாண்டி இரும்பைத் தின்றிருக்கிறது. நான் இறுக்கிச் சுற்றச் சுற்ற அது இன்னும் நெருங்கிப் போயிருக்கிறது. கத்தியைக் கெடுத்தது என் கை. அவள் வந்ததும் அந்தத் துணி வந்ததும் ஒரே நேரத்தில்தான். நான் அவளை மட்டும் பார்த்தேன்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் வியாபாரியிடமும் சந்தையில் மற்றவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். வியாபாரி சிரித்தார். வேண்டுமானால் அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எதற்கும் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஒட்டுசுட்டான் பஸ் ஏறினேன். இரண்டு இடத்தில் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு முகம் சுழிக்கவில்லை. கதிரை எடுத்துப் போட்டாள், குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு சாரத்துணிக் கதை முழுவதையும் சொன்னேன். என்னுடைய பிழை என்று சொன்னேன். நான் அவ்வளவு இலேசாகச் சொல்லுகிற சொல் இல்லை அது. சந்தையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், நாளைக்கே வரலாம் என்றேன்.

அவள் கொத்தின விறகை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"நீங்கள் வந்து சொன்னது சந்தோசம் அக்கா. ஆனா நான் வரேல்லை. இனி அங்க ஒரு ஊசி காணாமல் போனாலும் முதல்ல என்ர முகத்தைத்தான் பாப்பினம்."

அப்படி யாரும் பார்க்கமாட்டார்கள், நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். படலை வரை வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கையில் வேலை இல்லை, வீட்டில் அடுப்பு எரியவேண்டும், வலியக் கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறாள். மனதில் ஒன்றும் இல்லாதவள் என்றால் வந்திருப்பாள்தானே என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. ஓடி முடிந்த பிறகுதான் அது என்ன எண்ணம் என்று எனக்கு உறைத்தது. அவள் வீட்டுத் தேத்தண்ணியின் இனிப்பு இன்னும் என் வாயில் இருந்தது.