காதோரக் கறுப்பு

நாக்கு நுனியைக் கடைவாயில் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு கல்யாண மாப்பிள்ளையின் மூக்கைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பிரிஸ்கில்லா. எந்தப் படமானாலும் ஒருமுறை திரையில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால்தான் அவருக்கு வேலை ஓடும். "நேரா பாத்தா மாப்பிள்ளன்னு ஒரு மரியாத வந்துருதுல்லா. கவுத்துட்டா மூக்குல எண்ணெ வழியது மட்டும் தெரியும். அப்ப கை வைக்கலாம்."

ஹட் பே கப்பல் ஜெட்டியிலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும் வழியில், மொபைல் ரீசார்ஜ் கடைக்கும் மீன்வலைக் கடைக்கும் நடுவே அவருடைய ஸ்டுடியோ. பெயர்ப் பலகையில் பாதி எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. யாருக்கும் பலகை தேவையுமில்லை. கப்பல் டிக்கெட்டுக்கான அட்டை, பள்ளிக்கூட அட்டை, சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகள் படம், காதுகுத்துப் படம், எல்லாவற்றுக்கும் இந்தத் தீவில் "பிரிஸ்கில்லாக்கா கடை"தான். வங்காளிப் பெரியவர் படமெடுக்க உட்கார்ந்து கண் செருகினால், "தாதா, ஆங்க் கோலோ! சோனா பாத் மே!" என்று கண்ணைத் திறக்கச் சொல்லித் தூக்கத்தை வீட்டுக்கு அனுப்பிவைப்பார். அடுத்த நிமிஷமே, நெற்றியில் கிடக்கும் அவர் மயிரைத் தன் சீப்பால் ஒதுக்கிவிடுவார். பிரிஸ்கில்லாவின் பெற்றோர் மணப்பாட்டிலிருந்து மீன் பிடிக்க வந்தவர்கள். இங்கேயே பிறந்து நாற்பத்தாறு வயதாகும் அவர் பேச்சில் மணப்பாடும் தீவு இந்தியும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

கேமராவை அரிசி டிரம்மில் வைத்துப் பூட்டுவார். ஈரக்காற்று லென்ஸில் பூஞ்சை ஏற்றிவிடும் என்ற பயம். கணவர் ஜெரால்டு சோறு வடிக்க வேண்டுமென்றால் முதலில் கேமராவை எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அவருக்குத் தனி ஆசை. கேட்காதவர்களுக்கும் ஒரு பிரதி போட்டுக் காட்டுவார். சாம்பல் நிறங்களுக்கெல்லாம், வெளுப்பிலிருந்து கறுப்புவரை, அவரே பெயர் வைத்திருக்கிறார்: கழனித்தண்ணி, வெந்த சாம்பல், ஈர மணல், அடுப்புக்கரி. "கன்னத்துல கழனித்தண்ணி கம்மியா இருக்கு, ரெண்டு சொட்டு விடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மவுஸை நகர்த்துவார்.

போன வருஷம் மார்கழியில், போட்டோ பேப்பர் வந்திருக்கிறதா என்று பார்க்க ஜெட்டிக்குப் போயிருந்தார். கழுத்தில் கேமரா. போர்ட் பிளேரிலிருந்து வந்த கப்பல் ஆட்களை இறக்கிவிட்டிருந்தது. மூட்டைகளுக்கு நடுவே ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, தன் கால் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றது. பிரிஸ்கில்லா விரலை அழுத்தினார். ஏழு படம் ஓடியது. பேப்பர் கட்டு வந்து சேர்ந்துவிட்டதால், அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

கடைக்கு வந்து பார்த்தபோது ஐந்தாவது படம் அவரை நிறுத்திவிட்டது. குழந்தை தலையைத் தூக்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவம் இரண்டும் மேலே ஏறி, கண்ணுக்குள் வானம் முழுசாக இறங்கியிருந்தது. சுற்றியிருந்த கூட்டத்தை வெட்டித் தள்ளிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையாக்கிக் கடை வாசல் கண்ணாடியில் ஒட்டினார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கண்ணாடி முன்னால் ஒருவர் வந்து நின்றார். ரோடு வேலை மேஸ்திரி நாகலிங்கம். கால்சட்டையில் தார்க்கறை.

"இது எம் பொண்ணு. யாரக் கேட்டு வச்சீங்க?"

 பிரிஸ்கில்லா எழுந்து போய்ப் படத்தை உரித்து அவர் கையில் கொடுத்தார். "தப்புதான். கேட்டிருக்கணும்."

நாகலிங்கம் சண்டைக்குத் தயாராக வந்தவர். எதிராளி இல்லாமல் போனதில் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குழந்தையின் காதுக்குப் பின்னால் இருந்த சின்னக் கறுப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கேட்டார். "இத மட்டும் எடுத்துட முடியுமாக்கா?"

"கிளிப்பா? எடுக்கலாமே."

"கிளிப் இல்ல. காது மெஷின்."

கார்த்திகாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மெயின்லேண்டு போய், சென்னையில் பதினைந்து நாள் தங்கி, டாக்டர் காட்டிய மெஷினைப் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள். "பழகணும், நாளாகும்னு சொன்னாங்க. இங்க வந்து பத்து நாள் போட்டுப் பாத்தோம். புடுங்கிப் புடுங்கி எறியுறா. கூப்டா திரும்பவும் இல்ல. அவ அம்மா ஷோபனாவும் எத்தன நாள்தான் அழுவா? எடுத்து பீரோல வச்சாச்சு. கேக்காத மெஷின் படத்துல மட்டும் எதுக்கு?" பரமக்குடியில் அண்ணன் புது வீடு கட்டியிருக்கிறார். கூடத்துச் சுவரில் எல்லாப் பிள்ளைகள் படமும் மாட்டுகிறார்களாம். "பாக்குறவன்லாம் நின்னு நின்னு கேப்பான். நல்லா இருக்குற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

"வியாழக்கிழம வாங்க" என்றார் பிரிஸ்கில்லா.

வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதான் அவர் தொழில் தர்மம். அம்மைத் தழும்பை அழித்திருக்கிறார், சண்டை போட்டுப் பிரிந்த மருமகனைக் கல்யாணப் படத்திலிருந்தே அழித்திருக்கிறார். வியாழக்கிழமை காலையில் பக்கத்து முடியைக் கொஞ்சம் எடுத்து, கழுத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்து, கறுப்பின் மேல் ஒத்தி ஒத்தி மூடினார். காது முழுக் காதாகிவிட்டது. கவிழ்த்துப் பார்த்தார், ஒரு பிசிறில்லை. நேராக்கினார்.

ஏதோ இடித்தது. கன்னத்தில் வெளிச்சம் கூட்டினார், குறைத்தார். வெளிச்சத்தில் கோளாறில்லை. "எதப் பாத்துட்டி இப்பிடி முழிக்க?" என்று குழந்தையிடமே கேட்டார். வானத்தில் பறவையா? கப்பல் மேல் யாராவது கையசைத்தார்களா? தெரிந்துகொள்ளாமல் அவரால் பிரிண்ட் போட முடியவில்லை. வெட்டாத பழைய படத்தைத் தேடித் திறந்தார்.

குழந்தைக்குப் பின்னால் ஒரு சுமைதூக்கி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்பால் ஒரு அம்மாள் தோளைக் குறுக்கி முகம் சுளித்திருந்தாள். நான்காவது படத்தில் அதே சுமைதூக்கி பீடி பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறான்.

 அந்தப் படம் எடுத்த நேரம் கப்பல் ஹார்ன் அடித்தது பிரிஸ்கில்லாவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தினம் கேட்கிற சத்தம், அதனால்தான் மறந்துபோயிருந்தார். "ஏசுவே," என்றார். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி பார்த்தார்.

மதியம் நாகலிங்கம், ஷோபனாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தை காதில் ஒன்றுமில்லை. பிரிஸ்கில்லா முதலில் அழித்த படத்தைக் காட்டினார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் நாகலிங்கம். "இதே போட்டுருங்க."

"போடுதேன். அதுக்கு முன்ன ஒரு ஏழு படம் காட்டணும். பாத்துட்டு எது வேணும்னு சொல்லுங்க, நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

ஒவ்வொன்றாக நகர்த்தினார். செருப்பைப் பார்க்கும் குழந்தை. செருப்பு. செருப்பு. நான்காவதிலும் செருப்பு. ஐந்தாவது வந்ததும் விரலால் சுமைதூக்கியைத் தொட்டுக் காட்டினார். "இவன் எதுக்குக் காதப் பொத்துதான்? ஹார்ன். அன்னிக்கு ஜெட்டியில ஹார்ன் அடிச்சான். இப்ப உங்க பிள்ளையப் பாருங்க."

நாகலிங்கத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. ஷோபனா முந்திக்கொண்டாள். "கப்பல்ல தண்ணி பட்டுரும்னு கழட்டி வச்சிருந்தேன். எறங்குனதும் ஜெட்டியிலதான் மாட்டிவிட்டேன். மாட்டிட்டுத் திரும்பிப் பைய எடுத்தேங்க. நான் பாக்கலையே!"

"நான் அந்தப் பக்கம் பெட்டி எறக்கிட்டு இருந்தேன்," என்றார் நாகலிங்கம்.  "பின்னாடி போங்கக்கா. நாலுக்குப் போங்க."

நாலு. அஞ்சு. மறுபடி நாலு, மறுபடி அஞ்சு. ஆறாவதில் குழந்தையின் கை காதை நோக்கிப் பாதி தூரம் ஏறியிருந்தது. ஏழாவதில் பல் தெரிந்தது. ஷோபனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் முகம் திரையில் பெரிதாகத் தெரிவதைக் கண்ட கார்த்திகா மட்டும் பெஞ்சின் மேல் ஏறி நின்று குதித்தாள்.

"கேட்ருக்கு," என்றார் நாகலிங்கம், யாரையும் பார்க்காமல். "எம் புள்ளைக்குக் கேட்ருக்கு. நாங்கதான் பத்து நாள்ல விட்டுட்டோம்."

"பத்து நாள்ல எனக்கு கம்ப்யூட்டரே பழகல. ரெண்டு வருசம் ஆச்சு," என்றார் பிரிஸ்கில்லா. "எதப் போடட்டும்?"

நாகலிங்கம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "மெஷினோட போடுங்க. பெருசா போடுங்க. கேக்குறவனுக்கு நான் பதில் சொல்லிக்குறேன்."

அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவது நொடி வேலை. ஆனால் பிரிஸ்கில்லா அதற்கு மேலும் கொஞ்சம் வேலை பார்த்தார். முதல் பிரதியில் அந்தக் கறுப்பு முடியோடு முடியாய்க் கலந்து கிடந்தது. இப்போது அதன் விளிம்பில் மெல்லிய கோடாகக் கழனித்தண்ணி விட்டார். கூடத்துச் சுவரில், பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கும் அது இன்னதென்று தெரியும்.

அதற்குப் பின் ஷோபனா தினமும் மெஷினை மாட்டிவிடுகிறாள். முதலில் கால் மணி நேரம், பிறகு அரை மணி. பிடுங்கி எறிந்தால் துடைத்து மறுபடி மாட்டுகிறாள். கார்த்திகா இன்னும் எறிகிறாள், முன்னைவிடக் குறைவாக. குக்கர் விசில் அடித்தால் அடுப்படிக்கு ஓடி வருகிறாளாம். பேச்சு வரவில்லை. பிரிஸ்கில்லா போகிற வருகிற இடத்திலெல்லாம் விசாரித்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு காலை. ஜெட்டி ரோட்டில் தாயும் பெண்ணும் முன்னால் போக, பிரிஸ்கில்லா பின்னால் ரப்பர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கார்த்திகா நின்றாள். தானாகத் திரும்பினாள். இளவெயில் நேராக முகத்தில் விழுந்தது, கண் இரண்டும் மின்னின. இப்படி ஒரு வெளிச்சம் வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும். கேமரா கழுத்தில்தான் தொங்கியது.

பிரிஸ்கில்லா அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டார். சேலையைச் செருகிக்கொண்டு, தார் ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழந்தையின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைச் சொன்னார்.